நாற்பதுக்கு மேல் மறுபடியும் திடலில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கால்பந்துக் குழு இருந்தது. தீபாவளிப் போட்டி, மே தினப் போட்டி, தமிழ்ப்பள்ளித் திடலில் சாயங்கால ஆட்டம். தோட்டங்கள் கைமாறி, ஆட்கள் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிவந்த பிறகு குழுக்கள் கலைந்தன. விளையாடியவர்களுக்கு வயதும் ஆகிவிட்டது. ஆசை மட்டும் போகவில்லை. வெட்டரன் (மூத்தோர்) ஆட்டங்களுக்கு முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பல வருடம் விளையாடாமல் இருந்து, 40 வயதுக்கு மேல் மறுபடி இறங்க நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

இருபது வருஷமாப் பந்தைத் தொடல. நேரா வெட்டரன் மேட்சுல இறங்கலாமா?

கூடாது. குறைந்தது 10 வாரம் தயாராக வேண்டும். காரணத்தைப் புரிந்துகொண்டால் அந்த 10 வாரம் நீளமாகத் தெரியாது.

உடம்பில் மூச்சு, தசை, தசைநாண் மூன்றும் மூன்று வேகத்தில் திரும்பி வருகின்றன. மூச்சுதான் முதலில் வரும். ஒழுங்காக நடந்து ஓடினால் மூன்று நான்கு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். தசைக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கு, நம் ஆட்கள் ‘நரம்பு’ என்று சொல்வதற்கு, மூன்று மாதமும் அதற்கு மேலும் பிடிக்கும். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. வயது ஏற ஏற நீர்ச்சத்தும் குறைந்து, வெயிலில் கிடந்த ரப்பர் பேண்ட் மாதிரி இழுவை போய்விடும்.

ஆகவே ஆபத்து முதல் நாளில் அதிகம் இல்லை. முதல் நாள் எல்லோரும் பயந்துதான் ஓடுவார்கள். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் மூச்சு வாங்காது, உடம்பு லேசாக இருக்கும், “பழைய ஆட்டம் வந்துருச்சு” என்று தோன்றும். நரம்பு இன்னும் தயாராகியிருக்காது. பின்தொடை பிடிப்பதும் குதிகால் நரம்பு அறுவதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: மூச்சை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள்.

உடம்பில் முதலில் எது குறைகிறது?

வெடிப்பு. அதாவது நின்ற இடத்திலிருந்து சட்டென்று பாயும் சக்தி. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. அதிலும் வேகத் தசைநார்கள்தான் முதலில் மெலிகின்றன. இதனால்தான் பலம் இருக்கும்போதே பாய்ச்சல் போய்விடுகிறது. இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பும் இறங்குகிறது. 220-இல் வயதைக் கழித்தால் தோராயமான கணக்கு கிடைக்கும். 50 வயதுக்கு 170.

குறையாத ஒன்று உண்டு: ஆட்டத்தைப் படிக்கும் கண். எதிராளியின் இடுப்பு திரும்புவதைப் பார்த்தே பந்து எங்கே போகும் என்று சொல்லிவிடுகிற அனுபவம் அப்படியே இருக்கும். விங்கில் ஓடியவர்கள் நடுத்திடலுக்கு நகர்ந்தால் அந்தக் கண்ணுக்கு வேலை கிடைக்கும், காலுக்கு ஓய்வு கிடைக்கும்.

நான் குலை வெட்டுறவன். உடம்பு தினமும் உழைக்குதே, தனியாப் பயிற்சி எதுக்கு?

செம்பனைக் குலை வெட்டுவதும் 20 கிலோ குலையைத் தூக்கி வண்டியில் போடுவதும் தோள், கழுத்து, இடுப்பு, கைப்பிடி இவற்றுக்கு நல்ல உழைப்பு. ஆனால் அந்த வேலையில் முழு வேகத்தில் ஓடிச் சட்டென்று நிற்பதும் ஒற்றைக் காலில் திரும்புவதும் கிடையாது. பந்தாட்டத்தில் காயம் வருவது அந்த இரண்டிலும்தான். அது மட்டுமல்ல, காலையிலிருந்து உழைத்த தசை மாலையில் களைத்திருக்கும். களைத்த பின்தொடை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். குலை வெட்டுகிற நாளில் மேட்ச் வேண்டாம். ஓய்வு நாளில் விளையாடுங்கள்.

விளையாட இறங்குமுன் டாக்டரைப் பார்க்கணுமா?

இனிப்புநீர் (சர்க்கரை நோய்), ரத்தக்கொதிப்பு, கொழுப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும், புகைபிடித்தாலும், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தாலும் கட்டாயம் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). “செக்கப்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “பந்து விளையாடப் போகிறேன், நெஞ்சைப் பார்க்க வேண்டும்” என்று காரணத்தைச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் டாக்டரே இசிஜிக்கும் ட்ரெட்மில்லில் நடக்கவைக்கும் சோதனைக்கும் அனுப்புவார்.

அன்றைய அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று விளையாட்டு கிடையாது. நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு இறுகினால், தாடைக்கும் இடது கைக்கும் வலி பரவினால், தலை சுற்றி விழப்போனால், அது வாயு என்று முடிவுகட்டி ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

ரத்தக்கொதிப்புக்கோ இதயத்துக்கோ பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதயத் துடிப்பே ஏறாமல் மட்டுப்பட்டிருக்கும். மேலே சொன்ன 220 கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் பேச்சைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்: ஓடும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது.

அந்த 10 வாரம் என்ன செய்வது?

முதல் இரண்டு வாரம் வேகநடை மட்டும். 30 நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள். மூன்றாம் நான்காம் வாரம் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஐந்தாம் ஆறாம் வாரம் அதையே திருப்பிப் போடுங்கள்: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஏழாம் எட்டாம் வாரம் நேர்க்கோட்டில் 20 மீட்டர் ஓட்டம், முழு வேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல், ஆறு முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் நடந்தே திரும்புங்கள். பந்தைக் காலால் தட்டிக் கொடுத்து வாங்குவதையும் இப்போது சேர்க்கலாம். ஒன்பதாம் வாரம்தான் வளைந்து ஓடுவதும் நின்று திரும்புவதும். பத்தாம் வாரம் அரைத் திடலில் ஐந்துக்கு ஐந்து, 15 நிமிடம்.

இதோடு முதல் வாரத்திலிருந்தே வலுப்பயிற்சி, வாரத்துக்கு இரண்டு முறை. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது 12 முறை. ஒரு காலை முன்வைத்து இறங்கி எழுவது காலுக்கு 8 முறை. குதிகால் உயர்த்துவது 15 முறை. மூன்றையும் மூன்று சுற்று. ஐந்தாம் வாரத்திலிருந்து பின்தொடைக்கு ஒன்று: மெத்தைமேல் முட்டி போட்டு நின்று, ஒருவர் உங்கள் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய்ந்து, கடைசியில் கையை ஊன்றுவது. ஆரம்பத்தில் 3 முறை போதும். மறுநாள் உட்கார எழ வலிக்கும். அது சரிதான். குத்துகிற மாதிரி ஒரே இடத்தில் வலித்தால் சரியில்லை.

நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். ஒரு வாரம் பின்னால் போய்த் தொடருங்கள்.

நான் தயார்தானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

மூன்று சோதனை. ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், சுவரில் விரல் நுனி மட்டும் படலாம். முட்டி மடங்காமல் 20 முறை வரவேண்டும். இரண்டு காலுக்கும் ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பலவீனமான பக்கத்துக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும். அடுத்து, கையை நெஞ்சில் குறுக்கே கட்டி நாற்காலியில் உட்கார்ந்து எழுவது: 60 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களுக்கு 30 நொடியில் 14, பெண்களுக்கு 12. அதற்குக் கீழே போனால் அந்த வயதுக்குச் சராசரியிலும் குறைவு. ஐம்பதில் இருப்பவர் இதைத் தாராளமாகத் தாண்ட வேண்டும். மூன்றாவது, எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் 10 நொடி.

ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைச்ச மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தா ஆளே இல்ல. என்ன அது?

குதிகால் நரம்பு அறுந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. சில சமயம் ‘டப்’ என்று சத்தமும் கேட்கும். குதிகாலுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே ரத்த ஓட்டம் மிகக் குறைவான இடம் ஒன்று உண்டு. அறுவது பெரும்பாலும் அங்கேதான். பந்தில் மட்டுமல்ல, பேட்மிண்டனிலும் பின்னால் போய்ச் சட்டென்று முன்னால் பாயும்போது இது நடக்கும்.

திடலிலேயே பார்த்துவிடலாம். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் பெஞ்சு விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். கெண்டைக்கால் சதையைக் கையால் அழுத்துங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அசையவில்லை என்றால் நரம்பு அறுந்திருக்கிறது. “கட்டைவிரலை ஆட்ட முடியுது, நடக்கவும் முடியுது, அப்ப ஒண்ணுமில்ல” என்பது தப்புக் கணக்கு. வேறு தசைகளை வைத்துக் கொஞ்சம் நடக்க முடியும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிய நிலையில் கட்டி, ஊன்றாமல் தூக்கிக்கொண்டு போங்கள். சீக்கிரம் போனால் பலருக்கு அறுவை இல்லாமல் பூட்ஸ் கட்டியே ஆற்றலாம். சில வாரம் கழித்துப் போனால் இரண்டு முனையும் விலகிச் சுருங்கிவிடும், வைத்தியம் கடினமாகிவிடும்.

சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள், குறிப்பாக சிப்ரோஃப்ளோக்சசின் வகை, இந்த நரம்பைப் பலவீனமாக்கும். அவற்றைச் சாப்பிட்ட வாரங்களில் ஓட்டம் வேண்டாம்.

கணுக்கால் சுளுக்கு. எண்ணெய் போட்டு உருவிவிடும் ஆளிடம் உடனே போகலாமா?

முதல் மூன்று நாள் போகாதீர்கள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது அழுத்தி உருவினால் கசிவு கூடும், வீக்கமும் கூடும். சூடு ஒத்தடமும் அப்படித்தான். சீன வைத்தியரான சின்சேயிடம் போவதும் இதே கணக்குதான். எலும்பு முறியவில்லை என்று தெரிந்து, வீக்கம் வற்றிய பிறகு மெதுவாக எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை.

எக்ஸ்ரே தேவையா என்பதற்கு ஒரு விதி உண்டு. அடிபட்டவுடனும் பிறகும் நான்கு எட்டு வைக்க முடியவில்லையா? கணுக்கால் மொட்டி எலும்பின் பின்விளிம்பில், கீழ்ப்பக்க 6 சென்டிமீட்டருக்குள் விரலால் அழுத்தினால் எலும்பே வலிக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரே. இல்லையென்றால் துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை; பேண்டேஜ்; காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது. இனிப்புநீரால் பாதம் மரத்துப்போனவர்கள் ஐஸ் வைக்கக் கூடாது, தோல் வெந்தாலும் தெரியாது.

வார்ம் அப் எவ்வளவு நேரம்? ரெண்டு கோல் அடிச்சுப் பாத்தா போதாதா?

குளிர்ந்த காலோடு கோலை நோக்கி அடிப்பதுதான் தொடை இடுக்குப் பிடிப்பதற்குச் சுருக்கு வழி. 15 முதல் 20 நிமிடம் வேண்டும். 5 நிமிடம் மெதுவோட்டம், பிறகு இடுப்பை வெளியேயும் உள்ளேயும் சுழற்றுவது, பக்கவாட்டு ஓட்டம், முன்னால் எட்டி இறங்குவது, ஒற்றைக்கால் சமநிலை, கடைசியில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி நாலைந்து ஓட்டம். ஃபிஃபா 2006-இல் வெளியிட்ட ‘லெவன் பிளஸ்’ வார்ம் அப்பும் ஏறக்குறைய இந்த வரிசைதான், 20 நிமிடம் ஆகும். ஒரே இடத்தில் நின்று ஒரு நிமிடத்துக்கு மேல் தசையை இழுத்துப் பிடிப்பதை ஆட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முன் செய்தால் பாய்ச்சல் குறையும்.

பாதி ஆட்டத்தில் மாற்றாக இறங்குபவரைத்தான் கவனிக்க வேண்டும். அரைமணி நேரம் பெஞ்சில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்துவிட்டு நேராக ஓடுவார்.

எந்த நேரத்தில் விளையாடுவது நல்லது?

காலை 7.30-லிருந்து 9 வரை, அல்லது மாலை 5.30-க்கு மேல். வெயிலைவிட ஈரப்பதம்தான் ஆளை வீழ்த்தும். வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. இரண்டு மணி நேரம் முன்பே அரை லிட்டர் தண்ணீர், ஆட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர். ஹண்ட்ரட் பிளஸ் போன்ற உப்பு-சர்க்கரை பானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாடினால் மட்டும். தலைவலி, குமட்டல், உளறல், தடுமாற்றம் வந்தால் நிழல், ஈரத்துணி, விசிறி. உளறுகிறவரை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியில் விளையாட வேண்டாம். இடி கேட்டால் திடலைவிட்டு வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். செம்பனை மரத்தடியில் ஒதுங்காதீர்கள், காருக்குள் உட்காருங்கள்.

இனிப்புநீர் இருக்கு. மாத்திரையும் போடுறேன். விளையாடலாமா?

விளையாட்டு சர்க்கரைக்கு நல்ல மருந்து. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அபூர்வம். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் குத்திப் பாருங்கள். (mmol/L அளவில்) 5-க்குக் கீழே இருந்தால் இரண்டு துண்டு ரொட்டியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். 4-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை: 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி குடியுங்கள். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத கோபம் இவை அடையாளம். திடலில் அந்தக் கோபத்தை நடுவர்மேல் வந்த கோபம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், அதுதான் சிக்கல். பிசோப்ரோலால் வகை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கம்கூடத் தெரியாது. மாலையில் கடுமையாக விளையாடினால் இரவு தூக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம். படுக்குமுன் ஒரு முறை பாருங்கள்.

சின்ன வயசுல வெறுங்காலில்தானே ஆடினோம்?

ஆடினோம். இப்போது இனிப்புநீர் இருந்தால் முடியவே முடியாது. மரத்த பாதத்தில் முள்ளோ கண்ணாடித் துண்டோ ஏறினால் வீட்டுக்குப் போய் சாக்ஸில் ரத்தம் பார்த்துத்தான் தெரியும். இனிப்புநீர் இல்லாதவர்களுக்கும் மழை தேங்கிய திடலில் எலிச்சிறுநீர்க் காய்ச்சல் ஆபத்து உண்டு. விளையாடி இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் திடலில் தண்ணீர் தேங்கியிருந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

பழைய பூட்ஸ் அலமாரியில் அப்படியே புதுசா இருக்கு. போடலாமா?

அதைத் தூக்கி அடிப்பாகத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பத்து வருடம் கிடந்தால் பசை விட்டுப்போகும், நடுவில் உள்ள நுரைப்பகுதி மாவாக உதிரும். பார்வைக்குப் புதுசாகத்தான் இருக்கும், ஐந்தாவது நிமிடத்தில் வாய் பிளக்கும். புதிதாக வாங்கும்போது நீண்ட ஸ்டட்ஸ் வேண்டாம்; அது தரையைக் கவ்விக்கொள்ளும், உடம்பு திரும்பும், முட்டி திரும்பாது. காய்ந்த கெட்டித் திடலுக்கும் செயற்கைப் புல்லுக்கும் குட்டை ரப்பர் முளைகள் உள்ள ஷூ போதும்.

ஓடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பந்து அவ்வளவுதானா?

நடைப்பந்து இருக்கிறது. 2011-இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் தொடங்கிய ஆட்டம். ஓடக் கூடாது; எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், பந்து காலில் இல்லாதவருக்கும் இதே விதி. உடம்பில் இடிப்பது கிடையாது. பந்து தலை உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஃப்ரீ கிக்கில் நேராகக் கோல் அடிக்க முடியாது. ஐந்துக்கு ஐந்து அல்லது ஆறுக்கு ஆறு, ஏறக்குறைய 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் இருந்தால் போதும். சும்மா நடக்கிற ஆட்டம்தானே என்று நினைக்காதீர்கள், பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும்.

கெட்டுப்போவது ஒரே இடத்தில்: பத்தாவது நிமிடத்தில் எல்லோரும் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். ஆடாத ஒருவர் விசிலோடு நிற்க வேண்டும், ஓடினால் பந்து எதிரணிக்கு. மூன்றாவது முறை ஓடியவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மைத்துனர் மச்சான் முறைக்காரர்களை விசில் அடிக்கவிடாதீர்கள். பதினோரு பேர் கிடைக்காத தாமானுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை என்பது எங்கள் கருத்து.

சடுகுடு?

பிடி உள்ள ஆட்டம் வேண்டாம். கணுக்காலைப் பிடித்து இழுக்கும்போது முட்டி முறுகும். நாலு பேர் மேலே விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து. மூச்சை அடக்கி முக்கும்போது ரத்த அழுத்தமும் குதிக்கும். தொட்டால் அவுட் என்ற விதியோடு, புல்லிலோ மணலிலோ, பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடினால் பழைய சூடு கொஞ்சம் கிடைக்கும்.

சிலம்பம், தக்ரோ (பந்தைக் காலால் வலைக்கு மேல் அடிக்கும் ஆட்டம்), பேட்மிண்டன்?

சிலம்பம் வயதானவர்களுக்கு நன்றாகவே பொருந்தும், தோள் இடம் கொடுத்தால். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று இரு கையையும் மேலே தூக்குங்கள். இடுப்பு வளையாமல் கட்டைவிரல் சுவரைத் தொட வேண்டும். தொடாவிட்டால் தலைக்கு மேல் சுழற்றும் வீச்சைத் தவிர்த்து, இடுப்பு உயர வீச்சோடு நிறுத்துங்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம். நெற்றிப்பொட்டு உயரத்துக்கு மெல்லிய பிரம்பு போதும்.

தக்ரோவில் வலைமேல் பாய்ந்து அடிப்பதை விட்டுவிடுங்கள். ஐந்தாறு பேர் வட்டமாக நின்று பந்தைக் கீழே விடாமல் உள்பாதத்தால் தட்டும் பழைய வட்ட ஆட்டத்தில் திறமை வீணாகாது, இடுப்பும் பிழைக்கும்.

பேட்மிண்டனுக்கு டபிள்ஸ் ஆடுங்கள். சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு எட்டும் நேராக முட்டிக்குப் போகும், அதனால் ரப்பர் விரிப்பு போட்ட கோர்ட்டுக்கு மணிக்குச் சில வெள்ளி கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. வலைக்குப் பக்கத்தில் நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே கூடாது. இறகுப்பந்து கண்ணில் படுவது அப்படித்தான்.

மூக்குக்கண்ணாடி போட்டு ஆடலாமா?

மேலே தூரம், கீழே படிப்பு என்று ஒரே கண்ணாடியில் இருக்கும் வகையைப் போடாதீர்கள். குனிந்து பந்தைப் பார்க்கும்போது கீழ்ப்பாதி வழியாகத் தரை மங்கும், எட்டு தவறும். தூரப் பார்வைக்கு மட்டும் பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்று தனியாகச் செய்து, பின்னால் பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு? ரப்பர் கயிற்றில் ஸீரோ பாயின்ட் தாண்டிய காலை மறக்க முடியல.

குதிப்பதை அடியோடு விடத் தேவையில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு தேய்வதைத் தடுக்க அளவான குதிப்பு உதவும். கயிற்றைக் கணுக்கால் உயரத்தில் கட்டி இரண்டு காலாலும் தாண்டுங்கள், பத்து முறை, வாரத்துக்கு மூன்று நாள். எலும்புத் தேய்மானம் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு. வலைப்பந்தில் (நெட்பால்) பந்தைப் பிடித்தவுடன் நின்றுவிட வேண்டும் என்ற விதி முட்டிக்கு வேலை வைக்கும். ஒற்றைக் காலில் இறங்காமல் இரண்டு காலில் இறங்கப் பழகுங்கள்.

குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது என்பதுதான் பலர் விளையாட்டை நிறுத்திய உண்மையான காரணம், வெளியே சொல்வதில்லை. சிறுநீரை அடக்குகிற தசையை 10 நொடி இறுக்கித் தளர்த்துவது, 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குச் சரியாகிவிடும். ஆகாவிட்டால் கிளினிக்கில் ஃபிசியோவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

விளையாட முடியாததை நினைச்சா மனசு கனக்குது. இந்த வயசுல இது அசிங்கம் இல்லையா?

அசிங்கம் ஒன்றுமில்லை. இருபது வருடம் “அந்தத் தோட்டத்து லெஃப்ட் விங்” என்று ஊர் அழைத்த ஒருவருக்கு அந்தப் பெயர் போவது சாதாரண இழப்பு இல்லை.

ஆனால் எதை இழந்தீர்கள் என்று கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், வழி அதில் இருக்கிறது. சிலருக்குத் தேவை ஜெயிப்பது தோற்பது. அவர்களை நடைப்பயிற்சி திருப்திப்படுத்தாது, கேரமோ எடைகுறைந்த குண்டு எறிதலோ எதுவானாலும் புள்ளிக்கணக்கு வேண்டும். சிலருக்கு ஆட்டம் முடிந்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்காரும் அந்த ஒரு மணி நேரம்தான் தேவை. அவர்களுக்கு எந்த ஆட்டமானாலும் சரி, ஆட்கள் பழையவர்களாக இருந்தால் போதும். வேறு சிலருக்கு உடம்பு ஒரு காரியத்தைச் சுத்தமாகச் செய்யும் சுகம். சிலம்பமும் தக்ரோ வட்டமும் அவர்களுக்கு. “பசங்களுக்குச் சொல்லிக் கொடுங்க” என்று எல்லோரும் சுலபமாக யோசனை சொல்வார்கள். சொல்லிக் கொடுப்பது நல்ல வேலை, அது ஆடுவதற்கு ஈடாகாது. கோட்டோரம் நின்று பையன்களைத் திட்டிக்கொண்டே இருக்கும் பயிற்றுநர்கள் பெரும்பாலும் தாங்கள் ஆட முடியாத கோபத்தில் நிற்பவர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாட்டில் நாட்டமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது விளையாட்டு ஏக்கம் மட்டுமல்ல. கிளினிக்கில் சொல்லுங்கள்.

இந்த வயசுல முறையான போட்டி உண்டா?

உண்டு. ஓட்டப்பந்தயத்தில் ‘மாஸ்டர்ஸ்’ 35 வயதில் தொடங்குகிறது, ஐந்தைந்து வயதாகப் பிரிவு. 2018-இல் பினாங்கில் ஆசிய பசிபிக் மாஸ்டர்ஸ் விளையாட்டுகள் நடந்தன. வயதுக்கேற்பக் கருவியின் எடையும் குறையும்: ஆண்களுக்குக் குண்டு 50 வயதில் 6 கிலோ, 60-இல் 5, 70-இல் 4, 80-இல் 3. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு குண்டைத் தொடாதவர்களுக்கும் இது நல்ல வாசல், ஓட வேண்டியதில்லை.

வேகநடைப் போட்டியும் பாருங்கள். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கியவர் நம் நாட்டு ஜி. சரவணன். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், முன்வைத்த கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேராக வரும்வரை முட்டி மடங்கக் கூடாது. முட்டியில் அடி விழுவது ஓட்டத்தைவிடக் குறைவு. இடுப்புதான் வலிக்கும்.

திடலில் ஒருவர் சுருண்டு விழுந்துவிட்டால்?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியில்லை என்றால் ஒருவர் 999-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். விட்டுவிட்டு வாயைத் திறந்து திணறுவது மூச்சு இல்லை. அதைப் பார்த்து “மூச்சு இருக்கு” என்று மற்றவர்கள் காத்திருந்ததால் உயிர் போனவர்கள் உண்டு. நெஞ்சின் நடுவில், இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இரண்டு நிமிடத்துக்கு ஆள் மாறுங்கள், நிறுத்தாதீர்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பது, சாவியைக் கையில் திணிப்பது எல்லாம் நேரத்தை வீணாக்கும். பக்கத்து மண்டபத்தில் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி பெட்டி இருக்கிறதா என்பதை ஆட்டத்துக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது வயசுப் பசங்களோடு சேர்ந்து ஆடலாமா?

பந்தைச் சுற்றிக் கொடுக்கும் பயிற்சியில் தாராளமாக. மேட்சில் வேண்டாம். அவர்கள் வேகத்துக்கு நீங்கள் ஈடுகொடுக்கப் பார்ப்பீர்கள், அங்கேதான் நரம்பு போகும்.

அப்ப கோல் கீப்பரா நின்னுக்கிறேன், ஓட வேண்டாம்தானே?

பலரும் இப்படி நினைத்துத்தான் கோலுக்குள் போகிறார்கள். அரைமணி நேரம் அசையாமல் நின்று, குளிர்ந்த உடம்போடு திடீரென்று பக்கவாட்டில் பாய்ந்து கெட்டித் தரையில் விழ வேண்டியிருக்கும். மணிக்கட்டு, தோள், விலா மூன்றும் அடிவாங்கும். நிற்பதானால் கையுறையும் இடுப்பில் பஞ்சு வைத்த கால்சட்டையும் போடுங்கள். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது கோட்டிலேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருங்கள். கையை ஊன்றி விழாமல் தொடையும் தோளும் தரையில் படும்படி உருண்டு விழ, மணலில் முதலில் பழகுங்கள். ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் கோலில் நிற்கவே கூடாது. கோல் கம்பத்தில் தலை இடித்தால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.